கீழே நிற்காதே

காலை பத்தேகாலுக்கு வால் இரண்டாவது முறையாக வாந்தி எடுத்தான்.

முதல் முறை பன்றிப் பண்ணையின் வாசலில். இப்போது கொட்டிலுக்குள். நடுவில் ஒரு சிகரெட் பற்றவைத்துப் பார்த்தான். சிகரெட்டும் அதே நாற்றம் அடித்தது.

"காலையில சாப்பிட்டது முடிஞ்சுதுக்கா. இனிமே நேத்து சாப்பிட்டதுதான் வரணும்."

"வாயைத் திறந்தா உள்ள போகும். மூடு."

ஊசிக்கும் குமட்டியது. காட்டிக்கொள்ளவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த காலத்தில், எரிந்த கடைகளுக்குள் நுழைந்து, எரித்தது யார் என்று கண்டுபிடிப்பது அவள் தொழில். அங்கேதான் ஊசி என்று பெயர் விழுந்தது. ஓய்வு பெற்ற பிறகும் தொழில் அவளை விடவில்லை. இரண்டு அறை அலுவலகம் ஒன்று வைத்திருந்தாள். உதவிக்கு வால். பஸ் கண்டக்டராக இருந்து, பயணிகளைக் கிண்டல் செய்ததற்காக வேலை போனவன். யாரையாவது பின்தொடர்ந்து போகவேண்டி இருந்ததால் அந்தப் பெயர் என்று சொல்லிக்கொள்வான். மற்றவர்கள் வேறு அர்த்தத்தில்தான் கூப்பிட்டார்கள்.

கொட்டிலின் பின்சுவர் இரும்பு. ஆள் உயரத்துக்கு மேல் போகும் கனத்த பலகைகள், நடுவே கல்நார் வைத்து இரண்டு தகடாகச் செய்தவை, ஒன்றோடு ஒன்று ஆணி அடித்து இணைக்கப்பட்டவை. பண்ணைக்காரர் அதன்மேல் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ரொட்டியில் ஈ உட்கார்ந்திருந்தது. இருவருமாகப் பகிர்ந்துகொண்டார்கள்.

"எங்கப்பா வாங்கினது. இடி விழுந்தாலும் அசையாது," என்றார். "தியேட்டர் திரையாம். எனக்குச் சிரிப்புதான். திரைன்னா துணியில இருக்கணும்."

"இது தீ பிடிச்சா இறக்குற திரை," என்றாள் ஊசி. "இதுக்காகத்தான் வந்தோம். வெளிப்பக்கத்தை முதல்ல பார்த்துக்கறேன்."

வாலையும் கூட்டிக்கொண்டு கொட்டிலைச் சுற்றிப் பின்னால் போனாள். வெளிப்பக்கத்தில் பெயின்ட் வெளுத்திருந்தாலும் படம் தெரிந்தது. ஒரு பெண். அவள் தலைக்கு மேல் சிவப்புக் குடை. குடைக் கம்பெனி விளம்பரம்.

உள்பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஐம்பது வருடச் சாணம் அதன்மேல் பூசியிருந்தது.

"தண்ணிக் குழாய் இருக்கா?" என்று கேட்டாள்.

வால் அவளைப் பார்த்தான். "யாரு கழுவறது?"

அவள் அவன் கையைப் பார்த்தாள். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.

*

இந்தத் திரையைத் தேடி வரக் காரணம் ஒரு தையற்காரி.

முந்தின நாள் காலை அவள் அலுவலகத்துக்கு வந்தாள். அறுபது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தாள். வந்ததும் மேஜைமேல் ஒரு துண்டு நோட்டீஸை வைத்தாள். ஊரின் நடுவே ஒரு காலத்தில் இருந்த பல்சுவை அரங்கத்தின் நினைவாக, அதே இடத்தில் நினைவுக் கூடம். நாளை மறுநாள் திறப்பு.

"அந்தத் தியேட்டர்ல எங்கப்பாதான் திரைக்காரர் மேடம். இரும்புத் திரை அவர் பொறுப்பு. தீப்பிடிச்சப்போ இறக்கினாரு. ஜனங்க பொழைச்சாங்க. மேடையில இருந்த அஞ்சு பேரு செத்துட்டாங்க."

"ஏன்? பின்கதவு இல்லையா?"

"இருந்துச்சு. வெளியில பூட்டியிருந்துச்சு. அப்பாதான் பூட்டிட்டுக் குடிக்கப் போனாரு, மேடையோரத் தனிப் பெட்டியில உக்காந்து எல்லாத்தையும் பார்த்தேன்னு முதலாளி கோர்ட்ல சாட்சி சொன்னாரு. ஜெயில்லயே செத்துட்டாரு."

"குடிப்பாரா?"

"குடிப்பாரு. திங்கக்கிழமை. தியேட்டர் லீவு அன்னைக்கு."

"தீ என்னைக்கு?"

"சனிக்கிழமை."

வால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "நீங்க உள்ள போயிருக்கீங்களா?"

"சின்னப் பொண்ணா இருக்கறப்போ. பின்கதவுகிட்ட நிப்பேன். ஆட்டக்காரங்க ஒரு உருப்படியை எங்க தியேட்டர்ல முடிச்சுட்டு, அதே வேஷத்துல அடுத்த தியேட்டருக்கு ஓடுவாங்க. ஓட்டம்னே அதுக்குப் பேரு. ராணி வேஷம் போட்டவ செருப்பைக் கையில பிடிச்சுட்டு ஓடுவா." அவள் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். "அப்புறம் பெரியவரு போய், மகன் சின்ன முதலாளி வந்தாரு, கோர்ட்ல சாட்சி சொன்னவரு. ஓட்டம் நின்னுபோச்சு."

"அப்பா ஜெயில்ல என்ன சொன்னாரு?"

"ஒண்ணே ஒண்ணுதான். புகைக்குள்ள ஒரு வெள்ளைச் சட்டை பின்கதவைத் திறக்கறதைப் பார்த்தேன், வழி திறந்திருக்குன்னு நம்பித்தான் திரையை இறக்கினேன்னாரு. மேடையில இருந்தவங்களைப் பின்கதவு வழியா போகச் சொல்லிட்டு, அவரு திரை இறக்கற மேல்தட்டுலருந்து கூரை ஓட்டை வழியா ஏறியிருக்காரு. கை ரெண்டும் வெந்துபோச்சு. ஜனப்பக்கம் ஒருத்தருக்கும் கீறல் இல்ல, நம்ம பக்கம்தான் போச்சுன்னு அழுவாரு."

"ஜனப்பக்கமா?"

"தியேட்டர் ஆளுங்க அப்படித்தான் பேசுவாங்க. திரைக்கு முன்னாடி ஜனப்பக்கம். பின்னாடி நம்ம பக்கம். அப்பா வீட்டுலயும் அப்படித்தான். வாசல்ல மழை வந்தா, ஜனப்பக்கம் பெய்யுதும்பாரு."

ஊசி நோட்டீஸைத் திருப்பித் தந்தாள். "இத்தனை வருஷம் கழிச்சு இப்ப ஏன் வந்தீங்க?"

"கூடத்துச் சுவத்துல அப்பா படம் மாட்டியிருக்காங்க மேடம். கீழ 'ஐந்து உயிர்களைப் பலிகொண்ட குடிகாரன்'னு எழுதியிருக்கு. என் பேரனை ஸ்கூல்லருந்து கூட்டிட்டுப் போறாங்க. அது அவன் கொள்ளுத்தாத்தான்னு அவனுக்குத் தெரியும். எதைப் பார்த்தாலும் சத்தமா வாய்விட்டுப் படிக்கிற பையன். நடுவுல நிறுத்த மாட்டான்."

*

அன்று மதியமே கூடத்துக்குப் போனார்கள்.

உள்ளே புது வார்னிஷ் வாடை. அதை மறைக்க ரோஜா வாசனை அடித்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று ஆகியிருந்தது. கூடத்தின் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த அரங்கத்தின் மாதிரி. மரத்தில் செய்தது. ஒரு பக்கச் சுவர் இல்லாததால் உள்ளே முழுதும் தெரிந்தது.

முதலாளியே விளக்கினார். எண்பதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. குரல் மட்டும் இளமையாக இருந்தது.

"முதல்ல தானியக் கிடங்கு. எங்கப்பாதான் தியேட்டரா மாத்தினாரு. பாருங்க, குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச மாடி. அதுக்கு மேல இன்னொரு மாடி, வெறும் பலகை. அங்க போற ஆளுங்களுக்குச் சந்துல தனி வாசல், தனிப் படி. கீழ சோபாவுல உக்கார்றவங்க அவங்களை வர்றப்பவும் பார்க்க வேண்டாம், போறப்பவும் பார்க்க வேண்டாம்." பெருமையாகச் சொன்னார். "கூரையில குவிமாடம். சுத்தியும் சுதையில பூமாலை. ஆட்டக்காரங்க அறையெல்லாம் மேடைக்கு அடியில."

"ஜன்னல்?" என்றாள் ஊசி.

"எதுக்கு?"

மேடைக்கு இரண்டு பக்கமும் சுவரில் ஒவ்வொரு பெட்டி, வசதியுள்ளவர்கள் தனியாக உட்கார. வால் கண்ணாடியில் மூக்கை ஒட்டினான்.

"அக்கா! இந்தப் பெட்டி வெறும் படம். சுவத்துல வரைஞ்சிருக்கு. ஆணும் பொண்ணும்கூட வரைஞ்சதுதான்." அவள் காதருகே குனிந்தான். "ஐயா பெட்டியில உக்காந்து பார்த்தேன்னுதானே சாட்சி சொன்னாரு? மாட்டினாரு."

முதலாளிக்குக் காது நன்றாகக் கேட்டது. சிரித்தார். "என் பெட்டி எதிர்ப்பக்கம் தம்பி. அது நிஜம். அந்தப் பக்கம் அடுத்தவன் நிலம், பெட்டி கட்ட இடமில்ல. அழகுக்காக வரைஞ்சது. எங்க கோமாளி ஒவ்வொரு ஆட்டத்துலயும் அந்த ஜோடிக்குத்தான் முதல் வணக்கம் வைப்பான். பாதியில எழுந்து போகாத ரசிகர்கள் நீங்க ரெண்டு பேருதான்னு."

வால் மூக்கைக் கண்ணாடியிலிருந்து எடுத்தான். அங்கே ஒரு வட்டக் கறை மிச்சம்.

"உங்க தியேட்டர்ல மட்டும் ஓட்டம் கிடையாதாமே?" என்றாள் ஊசி.

"அட, அதெல்லாம் தெரியுமா? மத்த தியேட்டர்ல ஆட்டக்காரன் தங்க மாட்டான். என் ஆளுங்க என்கிட்டேயே இருந்தாங்க. அன்பும்மா. வேறென்ன?"

முதலாளியின் மகள் வந்தாள். கூடம் அவள் பொறுப்பு. "குழந்தைகளுக்குப் பிடிக்கற மாதிரி ஒண்ணு வெச்சிருக்கோம். பாருங்க," என்று ஒரு பொத்தானை அழுத்தினாள்.

மாதிரி மேடையில் சிவப்பு பல்பு எரிந்தது. அடியிலிருந்து புகை கிளம்பியது. மேடையில் ஐந்து பொம்மைகள்: ஒரு வித்தைக்காரர், பொம்மையைப் பேசவைக்கும் ஒருவர், நாய்களை ஆட்டுவிப்பவர், நடனமாடும் சகோதரிகள் இருவர். நாய்கூட இருந்தது. குட்டி இரும்புத் திரை மேலிருந்து இறங்கி அவர்களை மறைத்தது. திரையின் முன்பக்கத்தில் வெள்ளை எழுத்து: கீழே நிற்காதே.

"வெறும் நீராவிப் புகைதான். ஒண்ணும் ஆகாது," என்றாள் மகள்.

ஊசி தன் கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கியில் முதலாளியின் குரல் வந்தது. "என் பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். பின்கதவைப் பூட்டிவிட்டுக் குடிக்கப் போன திரைக்காரன் ஜனங்களுக்கு நடுவே தள்ளாடிக்கொண்டு வந்து, மேடைமேல் ஏறி உள்ளே போனான். சற்று நேரத்தில் தீ. திரையை இறக்கு என்று பெட்டியிலிருந்து கத்தினேன். கீழே நிற்காதே என்ற எழுத்து மெல்ல இறங்கி என் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. இன்றும் கனவில் வருகிறது."

"நிஜத் திரை எங்க இருக்கு?" என்றாள் ஊசி.

"உருக்கியாச்சு," என்றார் முதலாளி.

வெளியே வந்ததும் வால் கேட்டான். "திரை எதுக்குக்கா?"

"உள்ள இருக்கறது எல்லாம் அவர் வாயிலருந்து வந்தது. வராத பொருள் ஒண்ணாவது வேணும்."

பழைய இரும்புக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். உருக்கவில்லையாம். அந்தக் கனத்துக்கு அவருடைய அப்பா வைத்திருந்த இரும்பு வெட்டும் கத்தரியின் பல் உடைந்துபோனதாம். கொட்டிலுக்குச் சுவர் வேண்டும் என்று பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் அப்படியே தூக்கிக்கொண்டு போனாராம்.

*

சாணம் கட்டி கட்டியாக விழுந்தது. வாலின் செருப்பு மறைந்தது. பன்றிகள் மூலையில் ஒதுங்கி நின்று அவனை வேடிக்கை பார்த்தன.

இரும்பின்மேல் இரும்புப் பட்டைகளை வளைத்து ஆணி அடித்த எழுத்துகள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். முதல் பலகையில் தெரிந்தது: நிற்காதே.

"நானும் அரைமணி நேரமா அதைத்தான் சொல்றேன். வாங்க போகலாம்."

"பக்கத்துப் பலகை."

பக்கத்துப் பலகையில்: கீழே.

வால் குழாயைக் கீழே போட்டான். தண்ணீர் பன்றிகளின் பக்கம் ஓடியது. "போச்சு. கிழவர் சொன்ன அதே எழுத்து. வார்த்தை மாறாம அப்படியே இருக்கு. நாம இவ்வளவு நாற்றத்தையும் தின்னு அவர் சொன்னது நிஜம்னு நிரூபிச்சிருக்கோம்."

ஊசி இரும்பைத் தடவிப் பார்த்தாள். "இந்தப் பக்கம் எப்படி இருக்கு?"

"அசிங்கமா இருக்கு."

"சாணத்தைச் சொல்லலடா. இரும்பு."

அவன் குனிந்தான். கழுவிய இடம் கறுப்பு. கழுவக் கழுவக் கறுப்பாகத்தான் இருந்தது. பலகை உப்பிச் சுருண்டிருந்தது. சில ஆணிகளின் தலை பொரிந்து உதிர்ந்திருந்தது.

"வெந்திருக்கு."

"வெளியில குடைக்காரி?"

"அவளுக்கென்ன, லிப்ஸ்டிக்கூடக் கலையல." சொல்லிவிட்டு நிமிர்ந்தான். முகத்தில் இருந்த கிண்டல் மெல்ல விலகியது. "தீ மேடையிலதானே பிடிச்சுது?"

"ம்."

"அப்ப எழுத்து மேடைப் பக்கம். ஜனங்க பார்த்தது குடையை."

"டிக்கெட் வாங்கிட்டு வந்து உக்கார்றவனைப் பார்த்து எவனாவது கீழே நிற்காதேன்னு மிரட்டுவானா? அது வேலைக்காரங்களுக்கு. பெட்டியில உக்காந்திருந்தவன் கனவுல குடைதான் இறங்கி வரணும்."

"எழுத்து இறங்கி வரணும்னா மேடையில நின்னிருக்கணும்."

"ம்."

"மேடையில நின்னவர் எப்படிப் பொழைச்சாரு?"

"பின்கதவு."

"அது பூட்டி…" என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். பண்ணைக்காரர் ரொட்டியின் கடைசித் துண்டைப் பன்றிக்குப் போட்டார். 

"அவர் போனதுக்கு அப்புறம்," என்றாள் ஊசி.

வால் தீனித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். எதன்மேல் உட்கார்கிறோம் என்று பார்க்கவில்லை. "அக்கா, இப்ப குமட்டறது பன்னியால இல்ல."

"இது போதாது. தினமும் பார்த்த எழுத்து, கனவுல கலந்துடுச்சுன்னு சொல்லித் தப்பிச்சுக்குவாரு. அவர் வாயிலருந்தே வரணும்." பண்ணைக்காரரிடம் திரும்பினாள். "ஒரு பலகையைக் கழற்றித் தருவீங்களா? சாயங்காலம் உங்க வண்டியிலயே திருப்பிக் கொண்டுவந்துடலாம்."

"பன்னி ஓடிடுமே?"

"அந்த இடத்துல இவன் நிப்பான்னு சொல்ல ஆசைதான். ஆனா கூட வரணும்."

*

பலகையைக் கூடத்துக்குள் நான்கு பேர் தூக்கி வந்து, சுவரில் சாய்த்தார்கள். குடைப் பக்கம் வெளியே தெரிந்தது. சிவப்புக் கம்பளத்தில் கறுப்புத் தண்ணீர் சொட்டியது. ரோஜா வாசனை செத்தது.

முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். "என்ன அசிங்கம் இது?"

"உங்க திரை," என்றாள் ஊசி. "உருக்கலையாம்."

தையற்காரி வாசல் ஓரமாக வந்து நின்றாள். ஊசிதான் வரச்சொல்லியிருந்தாள். முதலாளி அவளைக் கவனிக்கவில்லை.

ஊசி மகளிடம் பேசினாள். "நாளைக்குத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னத் திருத்தம்மா. மாதிரித் திரையில முன்பக்கம் எழுத்து வெச்சிருக்கீங்க. நிஜத்துல குடை இருக்கே. ஐயாவுக்கு வயசாச்சு. குடையை மறந்துட்டாரு போல."

"யாரு மறந்தது?" கைக்குட்டை இறங்கியது. "எனக்கா மறக்கும்? செவப்புக் குடை. அந்தக் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் வந்து எங்கப்பா காலைப் பிடிப்பான். மாதிரி செஞ்சவன் முட்டாள். நான் எழுத்தைச் சொன்னேன், அவன் தூக்கி முன்னாடி ஒட்டிட்டான். குடை ஜனப்பக்கம். எழுத்து நம்ம பக்கம்."

"அப்படியா? நம்ம பக்கம் எதுக்கு எழுத்து?"

"ஆளுங்க திரைக்கு அடியில நின்னு அரட்டை அடிப்பாங்க. ஒருத்தன் மண்டை போயிருக்கும். அதுக்காக எங்கப்பா போட்டது. ஜனப்பக்கம் இருந்து பார்த்தா ஒரு எழுத்துகூடத் தெரியாது." முதலாளி உற்சாகத்தில் இருந்தார். யாரும் இவ்வளவு அக்கறையாக அவரைக் கேட்டதில்லை.

"ஒண்ணுகூடத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? இரும்பும்மா, கண்ணாடியா?"

வால் மாதிரியின் அருகே போனான். பொத்தானை அழுத்தினான். சிவப்பு பல்பு எரிந்தது. பொய்ப் புகை கிளம்பியது. திரை இறங்கியது. குரல் வந்தது.

"…கீழே நிற்காதே என்ற எழுத்து மெல்ல இறங்கி என் கண்ணுக்கு நேராக வந்து நின்றது."

புகை அடங்கியது.

"அப்பா," என்றாள் மகள். "பெட்டி எந்தப் பக்கம்?"

"எந்தப் பெட்டி?"

"நீங்க உக்காந்திருந்த பெட்டி. ஜனப்பக்கமா, நம்ம பக்கமா?"

முதலாளி மாதிரியைப் பார்த்தார். கண்ணாடியில் வாலின் மூக்குக் கறை இன்னும் இருந்தது. "வயசாச்சும்மா. எல்லாம் கலந்து போகுது."

"இப்பதான் எனக்கா மறக்கும்னு கேட்டீங்க," என்றான் வால். அவன் சிரிக்கவில்லை. "அன்பாலதான் உங்க ஆளுங்க எங்கயும் ஓடலைன்னீங்களே. அந்த அன்புக்குச் சாவி எத்தனை?"

"நீ யாருடா என்னைக் கேக்க? எல்லாத் தியேட்டர்லயும் பூட்டுவாங்க! பூட்டலைன்னா பாதி ஆட்டத்துல மேடை காலியாயிடும். அன்னைக்குக்கூட அந்த நடனக்காரிங்க ரெண்டு பேரும் கிளம்பப் பார்க்கறாங்கன்னு சொன்னாங்க. அவளுங்களைப் பிடிக்கத்தான் நான் உள்ள…"

வாய் திறந்தபடி நின்றது. பல் செட் லேசாக நழுவியது. ஊசி வேறு பக்கம் பார்த்தாள். 

மகள் மேஜைக்குப் போனாள். மேஜை டிராயரைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். சுவரில் திரைக்காரரின் படத்துக்கு அடியில் இருந்த வாசகப் பலகையின் முதல் திருகைக் கழற்றினாள். பிறகு அடுத்தது. படத்தைத் தொடவில்லை.

தையற்காரி உள்ளே வந்தாள். இரும்புப் பலகைக்குப் பின்னால் போய்ச் சுவர் இடுக்கில் கையை நுழைத்தாள். வெந்த பக்கத்தை, எழுத்துகள் இருந்த பக்கத்தைத் தடவினாள். கையில் ஒட்டியதைத் துடைக்காமலேயே முதலாளியின் முன்னால் வந்து நின்றாள். அவர் பின்னால் நகரப் பார்த்தார். பின்னால் கண்ணாடிப் பெட்டி.

"சின்ன முதலாளி, என்னைத் தெரியுதா? பின்கதவுகிட்ட நிப்பேனே. திரைக்காரர் பொண்ணு."

தெரியும் என்பதுபோல் அவர் தலையாட்டினார்.

"உங்க வெள்ளைச் சட்டை அந்தக் கதவைத் திறக்கறதைப் பார்த்துட்டுத்தான் எங்கப்பா திரையை இறக்கினாரு. எல்லாருக்கும் வழி இருக்குன்னு நம்பி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, வேற எதுவும் கேக்கல. வெளிய போனதும் பூட்டினீங்களே, அது பழக்கத்துலயா, யோசிச்சா?"